டிஎன்ஏவைப் புரதமாகப் படிக்கும் மாடலுக்குச் செயற்கைத் தரவு தயாரிப்பது எப்படி

டிஎன்ஏவைப் புரதமாக மாற்றிச் சொல்ல ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலைப் பழக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, பெரிய மரபணுத் தரவுத்தளம் ஒன்றுக்குப் போய்ப் பல ஜிபி கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்வது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தக் கோப்புகளைச் சுத்தம் செய்வதிலேயே நாட்கள் போயின. பாதியில் அறுந்த மரபணுக்கள், மூன்றால் வகுபடாத நீளங்கள், எது என்று தெரியாத இடங்களில் போட்டு வைத்த நிரப்பு எழுத்துகள், தொடக்கமே இல்லாத வரிசைகள் என்று ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று வந்து நின்றது. அப்புறம்தான் உறைத்தது, இந்த வேலைக்கு விடைத்தாள் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளை மூன்று மூன்றாக எடுத்தால் 64 கோடான்கள், அதில் 61 புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களைக் குறிப்பவை, மீதி 3 நிறுத்தச் சொல்பவை. பத்துப் பதினைந்து வரி பைத்தான் நிரல் ஒன்று எந்த டிஎன்ஏவுக்கும் பிழையில்லாத விடை தந்துவிடும். வினாவும் விடையும் வேண்டிய அளவுக்கு நாமே தயாரித்துக்கொள்ளலாம்.

அந்த நிரலே போதுமே, மாடல் எதற்கு என்று கேட்பீர்கள். புரத வரிசை மட்டும் வேண்டுமென்றால் நிரலே போதும், மாடல் தேவையே இல்லை. ஆனால் மரபணு வரிசையைப் படித்து அதில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று சொல்லும் மாடலைக் கட்டுகிறோம் என்றால், அது அடிப்படையில் இந்த மொழிபெயர்ப்பைச் சரியாகச் செய்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். எழுத்து எழுத்தாகச் சரியான விடை தெரிந்த கணக்கு உயிரியலில் அதிகம் கிடையாது, இது அந்த அபூர்வமான ஒன்று. அதனால் பயிற்சிக்கும் நல்லது, சோதனைக்கும் நல்லது.

வேலையில் இறங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்துதான் வருகின்றன. 64 வரி அட்டவணையைச் சின்ன மாடல்கூடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். கடினமானது எங்கிருந்து எண்ணத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பது. பள்ளியில் பொதுமொழி படித்திருப்போம்: தாமரை என்று சேர்த்துப் படித்தால் பூ, தா மரை என்று பிரித்தால் தாவும் மான். எழுத்து ஒன்றுதான், பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறிவிடுகிறது. டிஎன்ஏவிலும் அதே கதை. அதில் இடைவெளியும் கிடையாது, புள்ளியும் கிடையாது. மூன்று மூன்றாகப் பிரிக்கும் வாசிப்புச் சட்டகம் ஒரு எழுத்து தள்ளிப்போனால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே வேறு.

மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவின் தொடக்கத்தைப் பாருங்கள்:

ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி சிசிடி ஜிஏஜி ஜிஏஜி ஏஏஜி டிசிடி

முறையாகப் படித்தால் மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டமிக் அமிலம் இரண்டு, லைசின், செரின். அதையே ஒரு எழுத்து விட்டு இரண்டாவது எழுத்திலிருந்து படியுங்கள்: டிஜிஜி, டிஜிசி, ஏடிசி, டிஜிஏ. நான்காவது கோடானிலேயே நிறுத்தம் வந்துவிட்டது. மூன்றாவது எழுத்திலிருந்து படித்தால் ஆறாவது கோடானில் இன்னொரு டிஜிஏ. அதாவது இந்தச் சின்னத் துண்டுக்குள்ளேயே நிறுத்தக் கோடான் மாதிரித் தெரியும் மூன்றெழுத்து இரண்டு முறை வருகிறது, இரண்டுமே சட்டகத்துக்கு வெளியே. ‘டிஜிஏ கண்ணில் பட்டால் நிறுத்து’ என்று குறுக்குவழி கற்ற மாடல் இங்கே விழுந்துவிடும். நம் தரவு இந்தக் குறுக்குவழிக்கு இடம் தரக்கூடாது, அவ்வளவுதான் குறிக்கோள்.

முதல் வேலை: விடை சொல்லும் நிரல்

அமெரிக்காவின் உயிரித் தொழில்நுட்பத் தகவல் மையமான என்சிபிஐ, மரபுக் குறியீட்டு அட்டவணைகளுக்கு எண் கொடுத்து வெளியிடுகிறது. முதல் எண் பொதுவான அட்டவணை, அதை வைத்துச் சொந்தமாக ஒரு மொழிபெயர்ப்பு நிரல் எழுதுங்கள். பிறகு உயிரியல் கணக்குகளுக்கான பயோபைத்தான் நிரல் நூலகத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பு வசதியையும் அதே வரிசைகளில் ஓட்டி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரே நிரலை நம்பி லட்சக்கணக்கான வரிகளைத் தயாரித்துவிட்டு, பிறகு அதில் ஒரு கோடான் தவறு என்று தெரிந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நிரலைச் சோதிக்க எனக்குப் பிடித்த வரிசைகள் 1960களில் ஹர் கோபிந்த் கொரானா ஆய்வகத்தில் செய்தவை. மரபுக் குறியீட்டை மனிதர்கள் முதலில் படித்ததே செயற்கை வரிசைகளை வைத்துத்தான். 1961இல் நிரென்பெர்க்கும் மத்தாயும் வெறும் யுராசில் (டிஎன்ஏவின் டிக்குப் பதிலாக ஆர்என்ஏவில் வரும் யு எழுத்து) மட்டுமே கொண்ட ஆர்என்ஏவைச் செல்சாற்றில் போட்டு, ஃபீனைல்அலனின் மட்டுமே வரிசையாகக் கோத்த சங்கிலி உருவாவதைக் கண்டார்கள். கொரானா அதற்கு மேலே போய், திரும்பத் திரும்ப வரும் வரிசைகளை வேதியியல் முறையில் கட்டினார். யுசி யுசி யுசி என்று இரண்டெழுத்து மாறிமாறி வரும் ஆர்என்ஏ, செரினும் லியூசினும் மாறிமாறி வரும் சங்கிலியைத் தந்தது. ஏஏஜி என்று மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் வரிசையோ இன்னும் அழகு: எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து முழுக்க லைசின், முழுக்க ஆர்ஜினின், முழுக்க குளூட்டமிக் அமிலம் என்று மூன்று தனித்தனிச் சங்கிலிகள். ஜிஏடி திரும்ப வரும் வரிசை இரண்டே சங்கிலிகளைத் தரும், மூன்றாவது சட்டகம் முழுக்க டிஜிஏ, அதாவது நிறுத்தம். நிரென்பெர்க், ராபர்ட் ஹாலி ஆகியோருடன் கொரானாவுக்கு 1968இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரிசைகளை உங்கள் நிரலின் சோதனையிலும், பின்னால் மாடலின் சோதனையிலும் கட்டாயம் வையுங்கள். பயிற்சித் தரவில் மட்டும் சேர்க்காதீர்கள்.

எழுத்துகளைச் சீரற்றுக் கொட்டினால் என்ன கெட்டுப்போகும்

ஏ, சி, ஜி, டி நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு சம வாய்ப்பில் கொட்டித் தரவு தயாரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதில் இரண்டு கோளாறு. 64இல் 3 நிறுத்தக் கோடான் என்பதால் சராசரியாக 21 கோடானுக்கு ஒன்று நிறுத்தமாகிவிடும். 100 கோடான் நீளத்துக்கு இடையில் நிறுத்தமே வராமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் மாடல் பார்க்கும் புரதம் எல்லாம் குட்டையாகவே இருக்கும், நீளமான ஒன்றைக் கொடுத்தால் பாதியிலேயே நிறுத்திவிடப் பழகும்.

இன்னொன்று, அமினோ அமிலங்களின் விகிதம். லியூசின், செரின், ஆர்ஜினின் மூன்றுக்கும் தலா 6 கோடான். மெத்தியோனினுக்கும் டிரிப்டோபனுக்கும் ஒன்றே ஒன்று. சீரற்ற டிஎன்ஏவில் ஆர்ஜினின் நூற்றுக்குப் பத்துக்கு அருகில் வரும், உண்மைப் புரதங்களில் அது ஐந்து ஆறுதான். லைசின் நேர்மாறு, இரண்டே கோடான் இருப்பதால் சீரற்ற வரிசையில் குறைவாகவும் உண்மையில் அதிகமாகவும் வரும்.

தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் புரதத்தைத் தயாரியுங்கள், பிறகு அதை டிஎன்ஏவாக எழுதுங்கள். அமினோ அமில விகிதங்களை உண்மைப் புரதத் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டு, நீளத்தை 30 முதல் 400 வரை மாற்றி மாற்றி எடுத்து, மெத்தியோனினில் தொடங்கும் புரதம் ஒன்றை உருவாக்குங்கள். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் அதன் கோடான்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். கடைசியில் மூன்று நிறுத்தக் கோடான்களில் ஒன்று. இப்படிச் செய்தால் நீளமும் உங்கள் கையில், விகிதமும் உங்கள் கையில்.

கோடானைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். எந்த உயிரினமும் ஒரே அமினோ அமிலத்தின் கோடான்களைச் சமமாகப் பயன்படுத்துவதில்லை. ஈ.கோலை பாக்டீரியா லியூசினுக்கு ஏறக்குறைய பாதி இடங்களில் சிடிஜியைப் போடுகிறது, அதே உயிரினத்தில் ஆர்ஜினினுக்கு ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் அரிது. மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரத்தின் மரபணுத்தொகுதியில் ஜியும் சியும் சேர்ந்தே ஏறக்குறைய 20 விழுக்காடுதான், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் கோலிகலரில் 72 விழுக்காடு. ஒரே உயிரினத்தின் பழக்கத்தை மட்டும் வைத்துத் தரவு செய்தால், மாடல் அந்த ஊர்ப் பேச்சு மட்டும் தெரிந்ததாக வளரும், அரிய கோடான் வந்தால் தடுமாறும். நான் தரவை மூன்று பங்காகப் பிரிப்பேன்: ஒரு பங்கில் எல்லாக் கோடானுக்கும் சம வாய்ப்பு, ஒரு பங்கில் நாலைந்து உண்மை உயிரினங்களின் கோடான் விகிதம், மூன்றாவது பங்கில் ஜி-சி அளவை 20இலிருந்து 75 விழுக்காடு வரை நானே மாற்றி மாற்றி வைத்த விகிதம்.

அந்த மூன்றாவது பங்கு வெறும் அலங்காரம் இல்லை. ஜி-சி 20 விழுக்காடாக உள்ள சீரற்ற வரிசையில் பத்துக் கோடானுக்கு ஒன்று நிறுத்தமாக வரும், 72 விழுக்காடாக உள்ளதில் அறுபதுக்கு ஒன்றுதான் வரும், ஏனென்றால் நிறுத்தக் கோடான் மூன்றிலும் டியும் ஏயும்தான் அதிகம். தவறான சட்டகத்தில் போன மாடல் ஒன்று முதல் வகையில் சீக்கிரம் முட்டிக்கொண்டு நிற்கும், இரண்டாம் வகையில் வெகுதூரம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டையும் பார்க்காத மாடலுக்குச் சட்டகம் தெரியும் என்று நம்ப முடியாது.

சட்டகத்தைப் பழக்கும் வரிசைகள்

இதில்தான் நேரம் செலவழியுங்கள்.

எளிய நிலையில் தொடக்கக் கோடானான ஏடிஜியிலேயே தொடங்கி நிறுத்தக் கோடானில் முடியும் சுத்தமான வரிசைகள். இவை அட்டவணையைப் பழக்க மட்டும். மொத்தத் தரவில் இவை கால் பங்குக்கு மேல் போனால், முதல் எழுத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்ற பழக்கம் மாடலுக்கு ஊறிப்போய்விடும்.

அடுத்த நிலையில் முன்னால் 0 முதல் 200 எழுத்து வரை குப்பை வரிசை சேருங்கள், பின்னாலும் சேருங்கள். முன்குப்பையின் நீளம் மூன்றால் வகுபடுவது, ஒன்று மீதி வருவது, இரண்டு மீதி வருவது என்ற மூன்று வகையும் சம எண்ணிக்கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எதிலிருந்து படிக்க வேண்டும் என்ற விதியைத் தெளிவாக முடிவு செய்துகொள்ளுங்கள். ‘முதலில் வரும் ஏடிஜி’ என்பது எளிய விதி, அப்படியானால் முன்குப்பையில் ஏடிஜி எந்தச் சட்டகத்திலும் வரக்கூடாது, வந்தால் அந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டு வேறு தயாரியுங்கள். குப்பைக்கும் மரபணுவுக்கும் இடையே உள்ள ஒட்டில் ஏடிஜி உருவாகிறதா என்றும் பார்க்க வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம். பாக்டீரியா மாதிரி செய்ய வேண்டுமானால், தொடக்கத்துக்கு 5 முதல் 10 எழுத்துக்கு முன்னால், செல்லில் புரதத்தைக் கட்டும் ரைபோசோம் பிடித்துக்கொள்ளும் ஏஜிஜிஏஜிஜி போன்ற வரிசையை வைத்து, ‘அதற்கு அடுத்த ஏடிஜி’ என்று விதியை மாற்றலாம். அப்போது முன்குப்பையில் பொய் ஏடிஜிகளைத் தாராளமாகத் தூவலாம், தூவவும் வேண்டும். ஒரே கோப்பில் இரண்டு விதியையும் அடையாளம் இல்லாமல் கலந்துவிட்டால் மட்டும் மாடலுக்கு எதுவும் புரியாது, ஒவ்வொரு வரியின் முன்னும் எந்த விதி என்று ஒரு குறி போட்டுவிடுங்கள்.

அப்புறம் பொறிகள். ஏடிஜிஏ என்ற நான்கெழுத்தைப் பாருங்கள், தொடக்கமும் நிறுத்தமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பாக்டீரியாக்களில் ஒரு மரபணு முடிவதும் அடுத்தது தொடங்குவதும் இதே நான்கெழுத்துக்குள் நடப்பது சகஜம். ஏ எழுத்தில் தொடங்கும் கோடானை மெத்தியோனினுக்கு அடுத்து வைத்தாலே இந்தப் பொறி கிடைத்துவிடும். இதேபோலச் சட்டகத்துக்கு வெளியே டிஏஏ, டிஏஜி, டிஜிஏ நிறைய வரும்படி கோடான்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பங்கு தயாரியுங்கள், ஒன்றுகூட வராதபடி இன்னொரு பங்கு தயாரியுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது ஜோடி வரிசைகளை. ஒரு வரிசையை எடுத்து ஒரே ஒரு மாற்றம் செய்து, இரண்டையும் விடையோடு அருகருகே தரவில் வையுங்கள். மூன்றாவது எழுத்தை மாற்றியும் அமினோ அமிலம் மாறாத ஜோடி. மாற்றினால் மாறிவிடும் ஜோடி: ஏடிஜி மெத்தியோனின், ஏடிஏ ஐசோலியூசின்; டிஜிஜி டிரிப்டோபன், டிஜிஏ நிறுத்தம்; ஏஜிசி செரின், ஏஜிஏ ஆர்ஜினின். நெருக்கமான எழுத்துகளில் மாடல் குழம்புவது இந்த மாதிரி இடங்களில்தான்.

எழுத்து விட்டுப்போகும் ஜோடிகளுக்கு 1961இல் கிரிக், பார்னெட், பிரென்னர், வாட்ஸ்-டோபின் நால்வரும் டி4 வைரஸில் செய்த சோதனையை அப்படியே பின்பற்றலாம். மரபணுவில் ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் இரண்டைச் சேர்த்தாலும் அது பாழாகிறது, அருகருகே மூன்று சேர்ந்தால் திரும்ப வேலை செய்கிறது. குறியீடு மூன்று மூன்றாகப் படிக்கப்படுகிறது என்று அவர்கள் காட்டியது இப்படித்தான். உங்கள் தரவிலும் ஒரே வரிசையின் நான்கு வடிவங்களை வையுங்கள்: மாறாதது, ஒரு எழுத்து கூடியது, இரண்டு கூடியது, கொஞ்ச தூரத்துக்குள் மூன்று கூடியது. கடைசி வடிவத்தில் நடுவில் சில அமினோ அமிலங்கள் மட்டும் மாறி, பின்பகுதி பழையபடி வர வேண்டும். அந்த இடைவெளியில் புதிதாக நிறுத்தக் கோடான் எதுவும் உருவாகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், உருவானால் விடை அங்கேயே முடிந்துவிடும். நான்குக்கும் சரியாக விடை சொல்லும் மாடல் எண்ணக் கற்றுவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அரிவாள் செல் நோயை உண்டாக்கும் மாற்றம் இங்கே நல்ல உதாரணம். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இது இருப்பது 1952இலேயே பதிவாகியிருக்கிறது. மேலே கொடுத்த பீட்டா குளோபின் வரிசையில் முதலில் வரும் ஜிஏஜி ஜிடிஜியாக மாறுகிறது, குளூட்டமிக் அமிலம் இருந்த இடத்தில் வாலின் வருகிறது. பழைய நூல்களில் இது ஆறாவது இடம் என்றிருக்கும், இப்போதைய முறையில் ஏழாவது இடம், காரணம் தொடக்க மெத்தியோனினை எண்ணுவதா வேண்டாமா என்பது மட்டுமே. இட எண்ணை வைத்து எந்தக் கேள்வி தயாரித்தாலும் மெத்தியோனினை ஒன்று என்று எண்ணுவதாக முதலிலேயே முடிவு செய்து, கடைசி வரை மாற்றாதீர்கள்.

தொடக்கத்திலேயே இன்னொரு சிக்கல் உண்டு. ஈ.கோலையில் நூற்றுக்கு 14 மரபணு அளவுக்கு ஜிடிஜியில் தொடங்குகிறது, இன்னும் கொஞ்சம் டிடிஜியில். நடுவில் வந்தால் ஜிடிஜி என்பது வாலின், தொடக்கத்தில் வந்தால் மெத்தியோனின். சூழலைப் பார்த்து விடை மாறுவதால் இது மாடலுக்கு நல்ல பயிற்சி, ஆனால் பயோபைத்தானை வெறுமனே ஓட்டினால் வாலின் என்றே தரும். முழு மரபணு என்று குறிக்கும் சிடிஎஸ் தேர்வை இயக்கி, பாக்டீரியாவுக்கான 11ஆம் எண் அட்டவணையையும் கொடுத்தால்தான் மெத்தியோனின் என்று போடும். அதே தேர்வு நீளம் மூன்றால் வகுபடுகிறதா, நிறுத்தம் கடைசியில் மட்டும் இருக்கிறதா என்றும் சரிபார்க்கும்.

எதிர் இழைக்கு வருவோம். டிஎன்ஏ ஒன்றோடொன்று இணைந்த இரண்டு இழைகள், மரபணு எந்த இழையிலும் இருக்கலாம் என்பதால் தரவில் பாதியைத் திருப்பி எழுதி, ஏவுக்கு டி, ஜிக்கு சி என்று இணையும் மாற்றிக் கொடுங்கள். திருப்பிவிட்டு இணை மாற்ற மறப்பது, இணை மாற்றிவிட்டுத் திருப்ப மறப்பது இரண்டும் நடக்கும். தயாரித்த ஒவ்வொரு வரியையும் திரும்ப இரண்டாம் முறை மாற்றினால் பழைய வரிசை வருகிறதா, அதை மொழிபெயர்த்தால் முதலில் எடுத்த புரதமே வருகிறதா என்று நிரலிலேயே சோதனை வையுங்கள்.

இன்ட்ரானும் வேறு அட்டவணைகளும்

ஜிடியில் தொடங்கி ஏஜியில் முடியும் துண்டுகளை நடுவில் நுழைத்தால் இன்ட்ரான் (புரதமாகப் படிக்கும் முன் வெட்டி நீக்கப்படும் துண்டு) தயார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நான்கு எழுத்து எல்லா இடத்திலும் கிடக்கும், வெட்டும் இடத்தை அவை மட்டும் சொல்வதில்லை. உண்மையான மரபணுவில் சுற்றுப்புற வரிசைகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன, அதைச் சில வரி நிரலில் செயற்கையாக உருவாக்க முடியாது. இன்ட்ரான் எல்லையைத் தனிக் குறியால் காட்டிவிட்டு, அதை நீக்கி ஒட்டிப் படிப்பதை மட்டும் செயற்கைத் தரவில் பழக்குங்கள். அதில் முக்கியம், இன்ட்ரான் ஒரு கோடானின் நடுவிலும் வெட்டலாம் என்பது. முதல் எழுத்துக்குப் பின், இரண்டாவது எழுத்துக்குப் பின், கோடானுக்கு இடையில் என்ற மூன்று வகையும் இருக்கட்டும். எல்லையைக் கண்டுபிடிப்பதை உண்மைத் தரவிலிருந்துதான் கற்க வேண்டும்.

வேறு அட்டவணைகளைச் சேர்ப்பது எளிது. முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் டிஜிஏ டிரிப்டோபன், ஏடிஏ மெத்தியோனின், ஏஜிஏவும் ஏஜிஜியும் நிறுத்தம். மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவிலும் டிஜிஏ டிரிப்டோபன்தான். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அட்டவணை எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரே கேள்விக்கு முரணான இரண்டு விடைகளைக் கற்பித்த பாவம் சேரும்.

டோக்கன்

டிஎன்ஏவுக்கென்றே மாடல் கட்டுகிறீர்கள் என்றால் ஒரு எழுத்துக்கு ஒரு டோக்கன் (மாடல் ஓர் அலகாக எடுத்துப் படிக்கும் துண்டு) என்று வையுங்கள். மூன்று மூன்றாக வெட்டி டோக்கன் ஆக்கினால் பயிற்சி வேகமாக நடக்கும், எண்கள் அருமையாக வரும், ஆனால் சட்டகத்தை நீங்களே வெட்டிக் கொடுத்துவிட்டீர்கள், மாடல் கற்றது 64 வரி அட்டவணை மட்டும். பொதுவான மொழி மாடலைப் பழக்குகிறீர்கள் என்றால் வேறு தொல்லை: அதன் டோக்கனாக்கி எழுத்துகளை ஒழுங்கில்லாத துண்டுகளாக ஒட்டிவிடும், ஒரு துண்டில் இரண்டு எழுத்து, அடுத்ததில் ஐந்து. அதற்கு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வரிசையைக் கொடுங்கள். விடையிலும் படிப்படியாக எழுதுங்கள், முதலில் தொடக்கம் எங்கே என்று, பிறகு கோடான் கோடானாகப் பிரித்து ஒவ்வொன்றின் அருகிலும் அமினோ அமிலம், கடைசியில் முழுப் புரதம். பிரிக்கும் வேலை விடையிலேயே கண்ணுக்குத் தெரிவதால், எங்கே பிசகியது என்று பார்ப்பதும் சுலபம்.

எவ்வளவு தரவு, எப்படிப் பிரிப்பது

100 கோடான் நீளத்தில் 10,000 வரிசை என்றால் 10 லட்சம் கோடான். அதில் ஆயிரத்துக்கு இரண்டு முறை வரும் அரிய கோடான்கூட 2,000 தடவை வந்துவிடும். அட்டவணைக்கு இதுவே தாராளம். மேலே சொன்ன பொறிகள், ஜோடிகள், எதிர் இழை எல்லாம் சேர்க்கும்போதுதான் எண்ணிக்கை பெருகும். வெறும் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, தயாரித்த தரவில் ஒவ்வொரு கோடானும் எத்தனை முறை, எந்த மீதியில் எத்தனை வரிசை, எந்த நீளத்தில் எத்தனை என்று ஒரு பட்டியல் எடுத்துப் பார்ப்பது அதிகப் பயன் தரும்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது டிஎன்ஏவை வைத்துப் பிரிக்காதீர்கள், புரதத்தை வைத்துப் பிரியுங்கள். ஒரே புரதத்தை எண்ணற்ற டிஎன்ஏ வரிசைகளால் எழுதலாம், அதில் ஒன்று பயிற்சியிலும் இன்னொன்று சோதனையிலும் இருந்தால் மாடல் புரதத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஜோடி வரிசைகளும் ஒரே பக்கம் சேர்ந்தே போக வேண்டும். உண்மைப் புரதங்களைக் கலந்திருந்தால் எம்எம்சீக்ஸ்2 போன்ற கருவியால் ஒத்த புரதங்களைக் குழுவாக்கி, குழு குழுவாகப் பிரியுங்கள். நீளத்துக்குத் தனிச் சோதனை வையுங்கள்: 200 கோடான் வரை பயிற்சி என்றால் 300, 400 கோடான் வரிசைகள் சோதனைக்கு மட்டும்.

ஒவ்வொரு வரியோடும் அட்டவணை எண், இழை, முன்குப்பை நீளம், எந்த வகைப் பொறி, எந்த உயிரினத்தின் கோடான் விகிதம், சீரற்ற எண்ணின் விதை ஆகியவற்றைச் சேமியுங்கள். சலிப்பாகத் தோன்றும், ஆனால் மாடல் தவறு செய்யும்போது காரணத்தைச் சொல்லப்போவது இந்தத் தகவல்தான்.

மதிப்பெண் போடும்போது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் விழுக்காட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 200 அமினோ அமிலத்தில் 190 சரி என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பத்தும் எங்கே என்று பார்க்க வேண்டும். அங்கங்கே சிதறியிருந்தால் கோடான் குழப்பம். ஓர் இடத்துக்குப் பிறகு எல்லாமே தவறு என்றால் எண்ணிக்கை நழுவியிருக்கிறது. குறைந்த நீளத்தில் முடிந்திருந்தால் பொய் நிறுத்தத்தில் மாட்டியிருக்கிறது. முழு வரிசையும் சரியா இல்லையா என்ற கணக்கையும், இந்த மூன்று வகைத் தவறுகளின் எண்ணிக்கையையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், அடுத்த சுற்றில் எந்த வகைத் தரவைக் கூட்ட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உண்மை மரபணுக்களில் ஓட்டிப் பார்த்தல்

செயற்கைத் தரவில் பழகிய மாடலுக்கு நல்ல தேர்வு, ஈ.கோலை கே-12 வகையின் முழு மரபணுத்தொகுதி. 1997இல் முழுமையாகப் படிக்கப்பட்டது, ஏறக்குறைய 46 லட்சம் எழுத்து, 4,300 அளவில் புரத மரபணுக்கள். இன்ட்ரான் தொல்லை இல்லை. எல்லா மரபணுவையும் மாடலுக்குக் கொடுத்து, வெளியான புரத வரிசையோடு ஒப்பிடுங்கள்.

மாடல் முழுக்கச் சரியாக இருந்தாலும் சில மரபணுக்கள் ஒத்துப்போகாது, அவற்றை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். ஃபார்மேட் டிஹைட்ரஜனேஸ் மரபணுக்கள் மூன்றில் நடுவில் ஒரு டிஜிஏ வரும், அது நிறுத்தம் இல்லை, செலினோசிஸ்டீன் என்ற 21ஆவது அமினோ அமிலம். இன்எஃப்சி மரபணு ஏடிடியில் தொடங்குகிறது. பிஆர்எஃப்பி மரபணுவில் நடப்பதோ இன்னும் வியப்பானது: டிஜிஏவைக் கண்டு புரத உருவாக்கத்தை நிறுத்தி விடுவிக்கும் காரணியை உருவாக்குவது அந்த மரபணு, அதன் தொடக்கப் பகுதியிலேயே சட்டகத்துக்குள் ஒரு டிஜிஏ இருக்கிறது. செல்லில் அந்தக் காரணி போதிய அளவு இருந்தால் அங்கேயே நிறுத்தம். குறைவாக இருந்தால் ரைபோசோம் டிஜிஏவில் தயங்கி நின்று, ஒரு எழுத்து முன்னால் நழுவி, அடுத்த சட்டகத்தில் மீதியைப் படித்து முழுக் காரணியையும் கட்டிவிடுகிறது.

இந்த வரிசைக்கு மாடல் டிஜிஏவில் நின்று குட்டைப் புரதத்தைத் தந்தால், அதைத் தவறு என்று போடாதீர்கள், நீங்கள் கற்றுக்கொடுத்த விதிப்படி அதுதான் சரி. மாறாக, செயற்கைத் தரவில் மட்டும் பழகிய மாடல் இதற்கு முழு நீளப் புரதத்தைத் தந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது வரிசையைப் படிக்கவில்லை, எங்கிருந்தோ விடையைப் பார்த்திருக்கிறது. உடனே பயிற்சிக் கோப்பைத் திறந்து, உண்மைப் புரதம் எப்படி உள்ளே கசிந்தது என்று தேடத் தொடங்குங்கள்.